“முதலில் நிறையைக் குறையுங்கோ”: பருத்த உடம்போடு டொக்டரிடம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் உள்ள ஒரு பாமசியில் இருபத்திரண்டு வருடமாக மருந்தாளராக இருக்கிறேன். டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது பணம் கட்டி நம்பர் எடுத்து, பார்த்துவிட்டு நேரே எங்களிடம் வருகிறவர்கள், மருந்துத் துண்டை நீட்டும்போதே உள்ளே நடந்ததையும் சொல்லிவிடுவார்கள். சிலர் சொல்லும்போதே கண் கலங்குவார்கள். அப்படிக் கலங்கியவர்களில் பருத்த உடம்புக்காரர்கள்தான் அதிகம் என்பதைக் கவனிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. அவர்கள் கேட்ட கேள்விகளையும், வாசித்தும் விசாரித்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. இதை வாசித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

நிறைப் பாகுபாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? கிண்டல் பண்ணுவதையா?

கிண்டல் அதில் ஒரு சின்னப் பகுதி. ஒருவரின் உடம்பின் அளவைப் பார்த்ததுமே அவர் சோம்பேறி, சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர், சொன்னால் கேட்கமாட்டார் என்று முடிவெடுப்பது. அந்த முடிவை வைத்துச் சிகிச்சையையும் தீர்மானிப்பது. இதுதான் நான் சொல்வது. ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசாமலும் இது நடக்கலாம். எழுத வேண்டிய பரிசோதனையை எழுதாமல் விடலாம். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்பலாம். கைக்குப் பொருந்தாத பட்டியில் பிரஷர் பார்க்கலாம். ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது குறிப்பிட்ட நிறைக்கு மேல் வேண்டாம் என்று தள்ளிவிடலாம்.

ஆனால் டொக்டர் நல்லதுக்குத்தானே சொல்கிறார்?

பெரும்பாலும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நல்ல மனதோடு சொல்லும் புத்திமதி, பார்க்க வேண்டிய வேறொன்றை மறைத்துவிடும்போதுதான் ஆபத்து. என் அக்காவின் கதையைச் சொல்கிறேன்.

அக்கா கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். நாற்பத்தாறு வயதில் படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு மாடிக்கு ஒருதடவை சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். முதல் டொக்டர் ஏறிட்டுப் பார்த்து, நிறையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவர், பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்ப்போம் என்று கொப்பியை மூடிவிட்டார். அக்கா சொல்பேச்சுக் கேட்பவர். இரவுச் சாப்பாட்டை விட்டார், இறைச்சி, மீன், முட்டையைக் குறைத்தார். கொஞ்சம் மெலியவும் செய்தார். மூச்சு வாங்குவது மட்டும் கூடியது.

ஒருநாள் வேறு எதற்கோ ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், ஒரு இளம் பெண் டொக்டர் அக்காவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. “மாதவிடாய் எப்படி?” என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எஃப்பிசி என்ற முழு இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், ஹீமோகுளோபின் 6.2தான், மிகக் குறைவு. கருப்பையில் ஃபைப்ரோயிட் கட்டி. மாதாமாதம் அளவுக்கு மிஞ்சி இரத்தம் போயிருக்கிறது. அதன் நடுவில் இரும்புச்சத்துள்ள சாப்பாட்டையும் குறைத்தாயிற்று. இரத்தம் ஏற்றி, சத்திரசிகிச்சை செய்தார்கள். நிறுத்திய சாப்பாட்டைத் திரும்பத் தொடங்கியதும் மெலிந்ததெல்லாம் வந்துவிட்டது. அக்கா இன்றைக்கும் அதே நிறைதான். மூன்று மாடியும் நிற்காமல் ஏறுகிறார்.

நான் பாமசியில் வேலை செய்பவள். எனக்கே தோன்றவில்லை. அக்கா மூச்சு வாங்குகிறது என்றபோது நானும் “கொஞ்சம் நடவுங்கோ” என்றுதான் சொன்னேன். இதை நினைக்காத நாள் இல்லை.

2018-ல் கனடாவின் விக்டோரியா நகரில் ஒரு பெண் இறந்தபோது வந்த மரண அறிவித்தலில், பல வருடமாக உடல் சரியில்லை என்று போன இடமெல்லாம் நிறையைக் குறைக்கச் சொன்னதைத் தவிர யாரும் எதுவும் செய்யவில்லை என்று எழுதியிருந்தார்கள். குணப்படுத்த முடியாத கட்டத்தில்தான் அவருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நிறைதான் ஒரே பிரச்சினை என்று சொல்வதைப் பருத்த உடம்புள்ள பெண்கள் பேசாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய கடைசி வேண்டுகோளாக அந்த அறிவித்தலில் இருந்தது.

டொக்டர்மார் வேண்டுமென்றேவா இப்படிச் செய்கிறார்கள்?

இல்லை. மற்றவர்களிடம் இருக்கும் சாய்வுதான் அவர்களிடமும் இருக்கிறது. அமெரிக்காவில் 4,732 முதலாம் வருட மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. பருத்தவர்களுக்கு எதிரான, தாமே உணராத சாய்வு 74 சதவீதத்தினரிடம் இருந்தது. வெளிப்படையாகவே அப்படி நினைப்பதாக ஒத்துக்கொண்டவர்கள் 67 சதவீதம். இவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் முன்பே, மருத்துவப் படிப்பைத் தொடங்கிய கையோடு இருந்த நிலை இது. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் கொண்டுவந்த எண்ணம்.

2019-ல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, இனம், தோல் நிறம், பாலீர்ப்பு, வயது, இயலாமை, உடல் நிறை என்ற ஆறு விஷயங்களில் மக்களின் மறைந்த சாய்வு காலப்போக்கில் எப்படி மாறியது என்று பார்த்தது. மூன்றில் குறைந்திருந்தது, இரண்டில் அப்படியே இருந்தது. கூடியது நிறையில் மட்டும்தான்.

கொழும்பில் நேரமும் ஒரு காரணம். வெளிநோயாளர் பிரிவில் விடியவே வரிசை தொடங்கிவிடும். தனியாரில் சனல் பண்ணினாலும் ஒரு இரவில் ஐம்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று போகும். சில நிமிடத்தில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டியவருக்கு, கண்ணுக்கு முன்னால் தெரியும் காரணம் சுலபமாக வந்து நிற்கும். அதோடு மொழி. சிங்களத்தில் “பர அடு கரன்ன” (நிறையைக் குறையுங்கோ) என்று சொல்லிவிட்டால், எங்கள் அம்மாமார் அதற்கு மேல் கேட்கச் சொற்கள் இல்லாமல் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

இந்த பிஎம்ஐ கணக்கை யார் கண்டுபிடித்தது?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் உடல் திணிவுச் சுட்டி என்று படித்திருப்பீர்கள். கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. 1830-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே என்பவர் தந்த சூத்திரம் அது. அவர் வானியலாளர், புள்ளிவிவரக்காரர். ஒரு சனக்கூட்டத்தின் “சராசரி மனிதன்” எப்படி இருப்பான் என்று அறிய விரும்பினார். ஒரு நோயாளியின் சுகத்தை அளப்பது அவர் நோக்கமே இல்லை.

1972-ல் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,400 பேரை வைத்து அந்தச் சூத்திரத்தைச் சோதித்து, இன்றைய பெயரையும் வைத்தார்கள். அந்த 7,400 பேரும் ஆண்கள். பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் இடுப்புக்கும் மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணின் வயிற்றுக்கும் அந்தக் கணக்கில் இடமே இருக்கவில்லை.

எல்லைகளும் மாறியிருக்கின்றன. அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்த எல்லையை 25 ஆக்கினார்கள். ஒரு கிராம்கூடக் கூடாமலே கோடிக்கணக்கானவர்கள் அன்றைக்கு அதிக நிறைக்காரர்கள் ஆனார்கள். 2023 ஜூனில் அமெரிக்க மருத்துவச் சங்கமே பிஎம்ஐயைத் தனியாக வைத்து முடிவெடுக்க வேண்டாம், அது முதன்மையாக வெள்ளையினத்தவரின் தரவுகளிலிருந்து வந்தது என்று தன் கொள்கையில் எழுதிக்கொண்டது.

நமக்கு 25 இல்லை, 23 என்கிறார்களே?

ஆம். 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனிக்கத் தொடங்கலாம், 27.5-க்கு மேல் ஆபத்து அதிகம் என்றது. காரணம், தெற்காசிய உடம்பில் அதே நிறைக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றி. சுகர் வருத்தமும் நம்மவர்களுக்கு மெலிந்திருக்கும்போதே வந்துவிடுகிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லிக்காட்டும் உதாரணம் ஒன்று இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த டொக்டர் ஜோன் யுட்கினும் 2004-ல் லான்செட் சஞ்சிகையில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். எண் ஒன்று, உடம்பு இரண்டு.

இதை வைத்து, பார்த்தீர்களா நாங்கள் இன்னும் மெலிய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது. பருத்தவரைப் பார்த்ததும் நோய் என்று முடிவெடுக்கும் அதே கண், மெலிந்தவரைப் பார்த்ததும் சுகம் என்று முடிவெடுக்கிறது. எங்கள் கவுண்டருக்கு வரும் ஒரு வாத்தியார் ஈர்க்கில் மாதிரி இருப்பார். “எனக்கென்ன சுகர் வரப்போகுது” என்று அவரும் சோதிக்கவில்லை, யாரும் அவரைச் சோதிக்கச் சொல்லவும் இல்லை. கால் புண் ஆறாமல் போனபோதுதான் தெரிந்தது.

அப்படியானால் பருத்திருப்பது நோயே இல்லையா?

அப்படி நான் சொல்லவில்லை. நிறை கூடக் கூட இரண்டாம் வகை நீரிழிவு, மூட்டுத் தேய்வு, நித்திரையில் மூச்சடைப்பு, சில புற்றுநோய்கள் வரும் சாத்தியம் கூடுகிறது. அது உண்மை. ஆனால் ஒரு கூட்டத்துக்குப் பொருந்துவதை உங்கள் ஒருவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

அமெரிக்காவில் 40,000-க்கும் மேற்பட்டவர்களின் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரோல் போன்றவற்றைப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. அதிக நிறை என்ற பிரிவில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்கு இந்த எண்களெல்லாம் நன்றாக இருந்தன. சரியான நிறை என்ற பிரிவில் இருந்தவர்களில் 30 சதவீதத்துக்கும் மேல் நன்றாக இல்லை.

ஆயுளைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. 2013-ல் 28.8 லட்சம் பேரின் தரவைத் திரட்டிய ஓர் ஆய்வு, பிஎம்ஐ 25 முதல் 30 வரை உள்ளவர்களின் இறப்பு சற்றுக் குறைவு என்றது. 2016-ல் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, புகைப்பவர்களையும் ஏற்கெனவே நோயுள்ளவர்களையும் விலக்கிப் பார்த்தபோது, 20 முதல் 25 வரைதான் மிகக் குறைவு என்று வந்தது. 35-க்கு மேல் ஆபத்து கூடுகிறது என்பதில் இரண்டும் ஒன்றுதான். நடுவில் உள்ளவர்களைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். ஆகவே 27 இருக்கும் ஒருவரிடம் மரண பயத்தைக் காட்டிப் பேசுவதற்கு அடிப்படை இல்லை என்பது என் கருத்து.

2025 ஜனவரியில் லான்செட்டின் ஒரு நிபுணர் குழு நல்ல வழி ஒன்றைச் சொன்னது. பிஎம்ஐயோடு நிற்காமல் இடுப்புச் சுற்றளவு போன்றவற்றையும் அளந்து பாருங்கள், அந்தப் பருமனால் உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா, அன்றாட வேலை தடைப்படுகிறதா என்று தேடுங்கள், இருந்தால் அது நோய், சிகிச்சை கொடுங்கள், இல்லாவிட்டால் கண்காணியுங்கள். வீட்டில் நீங்களே பார்க்க ஓர் எளிய அளவு: இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தின் அரைவாசிக்குள் இருப்பது நல்லது.

நிறை குறைத்தால் பலன் உண்டா, இல்லையா?

நோயைப் பொறுத்தது. சுகர் வருத்தம் வந்து சில வருடத்துக்குள் இருப்பவர்களுக்குப் பலன் பெரியது. பிரித்தானியாவில் 306 பேரிடம் நடத்திய ஆய்வில், மேற்பார்வையோடு நிறை குறைத்த பிரிவில் 46 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே சுகர் இறங்கி நின்றது. மறுபக்கம், அமெரிக்காவில் நீரிழிவுள்ள 5,145 பேரை ஒன்பது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், நிறை குறைத்ததால் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஆனால் நித்திரையும் நடமாட்டமும் முன்னேறின, சிறுநீரகப் பாதிப்பும் குறைந்தது.

ஆகவே டொக்டர் நிறை குறைக்கச் சொன்னால், எந்த வருத்தத்துக்காக, எவ்வளவு, குறைந்தால் எது மாறும் என்று கேளுங்கள். மூக்கடைப்புக்கும் காது வலிக்கும் தோல் அரிப்புக்கும் அந்த ஒரே புத்திமதியைத் தந்தால் அது சிகிச்சை ஆகாது.

வாயைக் கட்டினால் குறையும்தானே? மனம் வைக்காததுதானே காரணம்?

இந்தக் கேள்வியைப் பருத்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள், தங்களைத் தாங்களே குற்றம் சொல்லி. அவர்களுக்காகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1990-ல் சுவீடனில், குழந்தையிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களின் பிஎம்ஐயை ஆராய்ந்தார்கள். ஒருமுட்டை இரட்டையர்கள் வெவ்வேறு சோற்றைத் தின்று வளர்ந்தும் உடம்பில் ஒருவரையொருவர் ஒத்திருந்தார்கள். வளர்ந்த வீட்டின் பங்கு மிகச் சிறியது, பிறப்பின் பங்குதான் பெரியது. 1994-ல் லெப்டின் என்ற ஹோர்மோனைக் கண்டுபிடித்தபோது, கொழுப்புத் திசு மூளைக்குச் சேதி அனுப்புகிறது என்பது தெளிவானது. நீங்கள் மெலிந்தால் அந்தச் சேதி குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். பட்டினி கிடந்து குறைத்த நிறை திரும்பி வருவது உங்கள் மனத்தின் பலவீனம் இல்லை. உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

அப்புறம் மருந்துகள். இது என் துறை, ஆகவே உறுதியாகச் சொல்வேன். பிரெட்னிசொலோன், இன்சுலின், ஒலான்சபீன், சோடியம் வால்புரோயேட், மிர்ட்டசபீன் எல்லாம் நிறையைக் கூட்டக்கூடியவை. ஒரு அறையில் இந்த மருந்தை எழுதுகிறார்கள், பக்கத்து அறையில் ஏன் உடம்பு வைத்தாய் என்று ஏசுகிறார்கள். இரண்டு துண்டையும் ஒரே கையில் வாங்கும் எனக்கு அது தெரிகிறது, ஏசியவருக்குத் தெரிவதில்லை. எந்த டொக்டரிடம் போனாலும் எல்லா மருந்தின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். தைரொயிட் குறைவும் ஒரு காரணமாகலாம், அதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வாரம் ஒருமுறை போடும் ஊசியைப் பற்றி?

நிறை குறைக்கப் போடும் செமாகுளுடைட் ஊசி பற்றித்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2021-ல் வந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத நிறை குறைந்தது. நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. டொக்டரின் கண்காணிப்பில் போட்டால் நல்ல மருந்துதான்; கூட்டாளி போடுகிறாள் என்று வாங்கிப் போடுவது ஆபத்து. துண்டு இல்லாமல் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

எனக்கு எப்போது பார்த்தாலும் பிரஷர் கூடக் காட்டுகிறது. பட்டி இறுக்கமாக இருப்பதாலா?

இருக்கலாம், இதைக் கட்டாயம் பாருங்கள். கைக்குச் சின்னதான பட்டி கட்டினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் 195 பேரிடம் செய்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பெரிய பட்டி தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டியைக் கட்டியபோது மேல் எண் 4.8 கூடியது. அதைவிடப் பெரிய பட்டி தேவைப்பட்டவர்களுக்கு 19.5 கூடியது. 125 உள்ள ஒருவருக்கு 144 என்று காட்டும். அவருக்கு வாழ்நாள் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். பிறகு எழும்பும்போது தலை சுற்றுகிறது என்று வருவார்.

எங்கள் பாமசியிலும் பல வருடம் ஒரே ஒரு பட்டிதான் இருந்தது. பருத்த கைக்கு அது கழன்று கழன்று போகும், நான் கையால் பிடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். எத்தனை பேருக்குப் பிழையான எண்ணை எழுதிக் கொடுத்தேனோ. இப்போது பெரியது வைத்திருக்கிறோம்.

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். 32 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் பெரிய பட்டி கேளுங்கள். வீட்டுக்கு மெஷின் வாங்கும்போதும் பெட்டியில் எழுதியிருக்கும் பட்டி அளவைப் பார்த்து வாங்குங்கள்.

மருந்தின் அளவு நிறைக்கு ஏற்ப மாறுமா?

சிலவற்றுக்கு மாறும். அங்கேதான் ஆய்வுகளில் உள்ள ஓட்டை நேரடியாக உடம்பைத் தாக்குகிறது. பருத்தவர்களைச் சேர்க்காமல் சோதித்த மருந்து, அவர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை யாருக்கும் சொல்லாது.

புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் அளவைக் கணக்கிட்டுத்தான் அதன் அளவைத் தீர்மானிப்பார்கள். பருத்தவர்களுக்குக் கணக்கில் வரும் முழு அளவைக் கொடுக்கப் பயந்து குறைத்துக் கொடுக்கும் பழக்கம் பல காலம் இருந்தது. 2012-ல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், பருத்த நோயாளிகளில் 40 சதவீதம் வரை குறைந்த அளவே பெறுகிறார்கள், முழு அளவு கொடுங்கள், நச்சு விளைவு அதனால் கூடுவதற்கு ஆதாரம் இல்லை என்று வழிகாட்டி வெளியிட்டது. புற்றுநோய்க்கு முழு மருந்து கிடைக்காமல் போனவர்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. சிகிச்சையில் இருக்கும் உங்கள் உறவினர் பருத்தவர் என்றால், உண்மையான நிறைக்குத்தான் கணக்குப் போட்டீர்களா என்று பணிவாகக் கேளுங்கள்.

பெண்கள் கூச்சத்தோடு கேட்பது அவசரக் கருத்தடை மாத்திரை பற்றி. லெவோனோர்ஜெஸ்ட்ரல் உள்ள மாத்திரை நிறை கூடியவர்களுக்குக் குறைவாக வேலை செய்யலாம் என்ற கேள்வி 2013-ல் ஐரோப்பாவில் பெரிதாக எழுந்தது. தரவு போதாது என்று ஐரோப்பிய மருந்து முகமை அடுத்த வருடம் எச்சரிக்கையைத் தளர்த்தியது. பிரித்தானிய வழிகாட்டியோ, 70 கிலோவுக்கு மேல் அல்லது பிஎம்ஐ 26-க்கு மேல் என்றால் இரட்டை அளவு, அல்லது வேறு வழி என்கிறது. கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்புக்கு நிறை ஒரு பொருட்டே இல்லை. பாமசியில் மெதுவாகக் கேளுங்கள், நாங்கள் சத்தம் போட்டுச் சொல்லமாட்டோம்.

பிசிஓஎஸ் (சூலகத்தில் நீர்க்கட்டிகள்) என்றார்கள். குறைத்தால்தான் பிள்ளை கிடைக்கும் என்று அனுப்பிவிட்டார்கள்.

2023-ல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி, நிறை பற்றிய இழிவுப் பேச்சு இந்த நோயாளிகளுக்குப் பெரும் கெடுதல் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. நிறை குறைவது சிலருக்கு உதவும். மெலிந்தவர்களுக்கும் பிசிஓஎஸ் உண்டு. அவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை, சூல் வெளியேற மருந்து கொடுக்கிறார்கள். உங்களுக்கு முப்பத்தாறு வயது என்றால், காத்திருக்கச் சொல்லும் ஒவ்வொரு வருடமும் நட்டம். கணவரையும் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

ஏச்சுக்குப் பயந்து நான் கிளினிக் போவதையே விட்டுவிட்டேன்.

நீங்கள் தனியாள் இல்லை. பருத்த பெண்கள் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது வெளிநாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. உடுப்பைக் கழற்றிப் படுக்கும்போது என்ன சொல்வார்களோ என்ற பயம்தான்.

இந்தச் சோதனையைச் செய்யும், சிங்களத்தில் சுவநாரி என்று சொல்லும் சுகவனிதையர் கிளினிக் கொழும்பில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மூலம் இலவசமாக நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் போகச் சொல்கிறார்கள். தயவுசெய்து போங்கள். ஒரு தோழியையோ மச்சாளையோ கூட்டிக்கொண்டு போங்கள். நிறையைப் பற்றிய பேச்சு எழுந்தால், “இன்றைக்கு இந்தச் சோதனைக்கு மட்டும் வந்தேன் மிஸ்” என்று சொல்லலாம்.

தராசில் ஏற மாட்டேன் என்று சொல்லலாமா?

தடிமன் காய்ச்சலுக்குப் போன இடத்தில் சொல்லலாம். கர்ப்பம், மயக்க மருந்து, இதயச் செயலிழப்பு, சிறுநீரக வருத்தம், நிறையை வைத்து அளக்கும் மருந்து என்றால் கட்டாயம் ஏறுங்கள். வரிசைக்கு முன்னால் எண்ணைச் சத்தமாக வாசிக்காமல் கொப்பியில் எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. காரணமில்லாமல் திடீரென்று நிறை குறைந்தால், பாராட்டு வாங்கிக்கொண்டு இருந்துவிடாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டிலேயே சொல்கிறார்களே, அதை என்ன செய்வது?

கலியாண வீட்டு வாசலில் சந்தனம் எடுக்கும் முன்பே “என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்” என்று கேட்கும் பெரியம்மாவை நம் எல்லோருக்கும் தெரியும். போன வருடம் “என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய்” என்று கேட்டவரும் அவர்தான். அன்பில்தான் கேட்கிறார். ஆனால் கேட்கப்பட்ட பிள்ளை அன்றைக்குச் சாப்பிடாமல் எழும்பிப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2015-ல் வந்த ஆய்வு, நிறைக்காகப் பாகுபாடு அனுபவித்ததாகச் சொன்னவர்களின் இறப்பு ஆபத்து 60 சதவீதம் வரை கூடியிருந்தது என்றது. அவர்களின் பிஎம்ஐயையும் நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. ஏசினால் மெலிவார்கள் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஆய்வைத்தான் காட்டுவேன். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். பட்டப்பெயர் வேண்டாம், தட்டைப் பார்த்துக் கதைக்க வேண்டாம். முழு வீட்டுக்கும் ஒரே சாப்பாடு, ஒரே விளையாட்டு என்று வையுங்கள்.

மரியாதையில்லாமல் நடத்தினால் எங்கே முறையிடுவது?

முதலில் அந்த ஆஸ்பத்திரியின் பணிப்பாளருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழி. தனியார் என்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது. வைத்தியரின் தொழில் ஒழுக்கம் பற்றியது என்றால் இலங்கை மருத்துவ சபை. நமது அரசியலமைப்பின் 12-ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் போன்றவற்றைச் சொல்கிறது. உடல் நிறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நியூயோர்க் நகரம் 2023-ல் உயரத்தையும் நிறையையும் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சேர்த்தது. இங்கேயும் அது வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சரி, உள்ளே போனதும் என்ன சொல்ல?

வருத்தம் எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, என்னென்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நிறைப் பேச்சு வந்தால், “அதைப் பற்றி இன்னொரு நாள் கதைப்போம் டொக்டர். இதே வருத்தத்தோடு மெலிந்த ஒருவர் வந்தால் என்ன சோதனை எழுதுவீர்கள்? அதை எனக்கும் எழுதித் தாருங்கள்” என்று சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததைக் கொப்பியில் குறித்துத் தரக் கேளுங்கள். 2020-ல் வந்த கனடா நாட்டு உடற்பருமன் வழிகாட்டி, நிறையைப் பற்றிப் பேசும் முன் நோயாளியிடம் அனுமதி கேட்பதைத்தான் முதல் படியாக வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

சிங்களம் சரளமாக வராதவர்களுக்கு இரண்டு வாக்கியம் எழுதித் தருகிறேன். தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். மெலிந்த ஆள் வந்தால் என்ன சோதனை செய்வீர்கள் என்பதற்கு: “கெட்டு கெனெக் ஆவொத் மொன டெஸ்ட் த கரன்னே?” பெரிய பட்டி இருக்கிறதா என்பதற்கு: “லொகு கஃப் எகக் தியெனவத?” அக்கா முதல் வாக்கியத்தைத் தன் கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்.